நூலகக் கூடத்தில் சுவரோவியம், தொங்கும் சிற்பம்: கலைஞரை எந்தக் கட்டத்தில் கூப்பிடுவது?

தளப்பொறியாளர்:
கடலிலிருந்து 2 கிலோமீட்டரில் ஒரு பொது நூலகம் எழும்புகிறது. நுழைவுக் கூடம் 11 மீட்டர் உயரம், மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. எதிர்ச்சுவரில் 6-க்கு 4 மீட்டரில் அக்ரிலிக் ஓவியம், நடுவே உலோகச் சிற்பம் தொங்கவேண்டும் என்பது குழுவின் முடிவு. பூச்சுவேலை முடிந்தபின் கலைஞர்களைக் கூப்பிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். கூடத்தின் மேல்தளத்துக்குக் கம்பி கட்ட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போதே செய்யவேண்டியது என்ன?

கம்பிக்கணக்கு:
பூச்சு வரைக்கும் காத்திருக்காதீர்கள் சார். கான்கிரீட் போடுமுன் கொக்கி மாட்டும் இரும்புத் தகடுகளைத் தளக் கம்பியோடு சேர்த்துப் பதித்துவிடுங்கள். கலைஞர் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 1.5 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம்போல வைத்து, ஒவ்வொரு புள்ளியும் தாங்கும் எடையைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுதி வாங்கி, அந்த எண்ணையே கலைஞர்களுக்கான அறிவிப்பில் உச்சவரம்பாகப் போடுங்கள்.

பிறகு துளை போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். தளத்தின் அடிப்பக்கம் இழுவிசையில் இருப்பது; மயிரிழை விரிசல் வந்தாலே துளைக்குள் விரிந்து பிடிக்கும் சாதாரண விரிவாணி பிடி தளரும். ஆணியை ஒட்டும் எப்பாக்ஸிப் பசை நிரந்தர இழுவையில் மெல்ல நெகிழும். 2006-இல் பாஸ்டன் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து ஒருவர் இறந்தது இதனால்தான்.

ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கவேண்டும். கடற்காற்றுக்கு 304 ரக எவர்சில்வர் போதாது, 316 ரகம் கேளுங்கள். அலுமினியமும் எவர்சில்வரும் தொடும் இடங்களில் நைலான் வாஷர். தூசி துடைக்கச் சிற்பத்தைக் கீழே இறக்க வின்ச் (கம்பியைச் சுற்றி ஏற்றி இறக்கும் பொறி) இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் சாரம் கட்டவேண்டும். நடைமுறையில் யாரும் கட்டமாட்டார்கள். உயரக் கூடம் என்பதால் எதிரெதிர்ச் சுவரில் ஒளிக்கற்றை வகைப் புகை உணரி வரக்கூடும். சிற்பம் அந்தப் பாதையில் தொங்கினால் பழுது மணி ஓயாது.

வண்ணமும்சுவரும்:
எனக்கு அக்ரிலிக்கே இங்கு பிடிக்கவில்லை. ஓவியத்துக்கு 200 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அலகு) என்பது வழக்கமான அளவு. சாயங்கால வெயில் நேரே விழுந்தால் பல்லாயிரம் லக்ஸ். கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் புற ஊதாவைத் தடுக்கும்; கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்னும். சுட்ட பீங்கான் ஓடு, மொசைக், கல் என்று போங்கள்.

வரைந்தே தீரவேண்டுமென்றால் சுவரில் நேரடியாக வேண்டாம். புதுச் சிமெண்ட் பூச்சில் காரம் இருக்கும், ஈரத்தோடு உப்பு பூத்து வண்ணம் உரியும். தனிப் பலகைகளில் வரைந்து, 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டுங்கள். பின்னால் காற்றோடும், வேண்டும்போது கழற்றலாம். அந்தச் சுவருக்குப் பின்பக்கம் என்ன வருகிறது?

தளப்பொறியாளர்:
இப்போதுதான் வரைபடம் பார்த்தேன். கழிப்பறைக் குழாய்கள்.

வண்ணமும்சுவரும்:
குழாயை மாற்றுங்கள். முடியாதென்றால் கழிப்பறைப் பக்கம் ஆள் நுழையும் அளவுக்குக் குழாய்ப்பொந்து விட்டு இரண்டாவது சுவர். கசிவை அந்தப் பக்கமிருந்தே சரிசெய்ய முடியவேண்டும்.

ஒப்பந்தக்காரி:
ஒப்பந்தத்தில் முதலில் எழுதவேண்டியது, பிற்பாடு எப்படிக் கழற்றுவது என்பதை. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த 140 அடி நீள வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் கழற்றிச் சிதைத்தார்கள். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், மிச்சத்தைக் கலைஞரிடமே தரவும் உத்தரவிட்டது. அடிப்படை, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கக் கலைஞருக்கு உரிமை தரும் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவு. பதிப்புரிமையை விற்றாலும் இந்த உரிமை கலைஞரிடமே இருக்கும். ஆகவே இடம் மாற்ற, பழுதுபார்க்க எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதுங்கள்.

இன்னொன்று: வேறு ஒப்பந்தம் இல்லையேல், காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை சொன்னவருக்கு. இதைச் சொல்லும் அதே சட்டத்தின் 17-பி உட்பிரிவில் சிற்பம் இல்லை. படத்தை அட்டையில், நாட்காட்டியில் அச்சிடும் எண்ணமிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

இறுதிச் சுற்றுக்கு வரும் மூன்று நான்கு பேருக்கு மாதிரி வடிவத்துக்கான கூலியைத் தனியாகக் கொடுங்கள். இலவசமாகக் கேட்டால் நல்ல கைகள் வராது. கடைசித் தவணையில் 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்கலாம். விளக்கு, வின்ச், காப்பீடு யார் தலையில் என்பதைத் தொகையோடு சேர்த்தே குறிப்பிடுங்கள். பெரும்பாலான சண்டை அங்கேதான்.