மழையில்லாத நாளிலும் மடிக்கணினி உறைக்குள் ஈரம்: எந்த அளவு, எந்தத் துணி?

கேட்பவர்: கோத்தகிரி கணக்கர்

அன்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரியைச் சுற்றியுள்ள சில தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வாரத்தில் நான்கு நாட்கள் மடிக்கணினியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு இருசக்கர வண்டியிலும், மழை வலுத்தால் பேருந்திலும் போய்வருகிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று உறைகள் வாங்கியும் ஒன்றுகூடச் சரியாக அமையவில்லை.

முதலாவது, 15.6 அங்குலம் என்று அட்டையில் அச்சிட்டிருந்த, ரப்பர்போல் இழுபடும் நியோப்ரீன் உறை. என் கணினியும் 15.6 அங்குலம்தான், ஆனாலும் மூலையில் இழுத்துப் பிடித்தால்தான் ஜிப் மூடியது. நான்கே மாதத்தில், மூடிய பிறகும் ரன்னருக்கு (பற்களைப் பூட்டும் இழுவைக்கு) பின்னால் பற்கள் தாமாகவே விரியத் தொடங்கின. இரண்டாவது, கடைக்காரரின் பேச்சைக் கேட்டு ஓர் அளவு பெரிதாக வாங்கிய ரெக்சின் உறை. அதற்குள் கணினி தொட்டிலில் கிடப்பதுபோல் ஆடியது. கொண்டை ஊசி வளைவொன்றில் பேருந்து திரும்பியபோது பை கம்பியில் மோதி, கணினியின் ஒரு மூலை நசுங்கிவிட்டது. ஓராண்டுக்குள் ரெக்சினும் செதில் செதிலாக உரிந்துவிட்டது.

இப்போது பயன்படுத்துவது பாலியஸ்டர் வெளித்துணியும் தடித்த ஃபோமும் உள்ளே பஞ்சுபோல் மெத்தென்ற பூந்துணியும் கொண்டது. அளவு ஓரளவு பொருந்துகிறது. ஆனால் மழையே பெய்யாத நாளிலும், தொழிற்சாலை அலுவலகத்தில் கணினியை உறையிலிருந்து எடுத்த இரண்டு நிமிடத்தில் அதன் மூடிமேல் விரலால் பெயர் எழுதலாம் என்ற அளவுக்கு நீர் படிந்துவிடுகிறது. மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்தால் உறையின் உட்புறம் சில்லென்று ஈரமாக இருக்கிறது. பூஞ்சண வாடையும் வருகிறது. உறை கசிகிறதா, அல்லது வேறு காரணமா? அடுத்த உறையை எந்த அளவில், எந்தப் பொருளில் வாங்குவது?

பதில்: குன்னூரில் பை தைப்பவர்

வணக்கம் ஐயா. உங்கள் முதல் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரன்னருக்குப் பின்னால் பல் விரிவது பெரும்பாலும் பல்லின் குற்றமன்று. இறுக்கமான மூலையில் இழுத்து இழுத்து ரன்னரின் வாய் அகன்றுவிட்டதன் விளைவு. ரன்னரைப் பற்களின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், குறட்டால் அதன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறி மெல்ல அழுத்துங்கள். ஓங்கி அழுத்தினால் ரன்னர் உடைந்துவிடும். இப்படிச் செய்தால் சில மாதங்கள் ஓடும். அதன் பிறகு ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். ஜிப் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை.

அளவைப் பொறுத்தவரை, அங்குலக் கணக்கை மறந்துவிட்டு அளவு நாடாவை எடுங்கள். 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட நீளம் மட்டுமே. திரையைச் சுற்றியுள்ள சட்டம் எவ்வளவு அகலம், உடல் எவ்வளவு தடிமன் என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஒரு வேடிக்கையைப் பாருங்கள்: 16:9 விகிதத்தில் உள்ள 15.6 அங்குலத் திரையும், 16:10 விகிதத்தில் உள்ள 16 அங்குலத் திரையும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் 34.5 சென்டிமீட்டர்தான். உயரத்தில்தான் இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு. ஆகவே உங்கள் கணினியின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும், அடியிலுள்ள ரப்பர் கால்களையும் சேர்த்து, மில்லிமீட்டர் வரை அளந்து எழுதுங்கள்.

பதில்: கொடைக்கானல் ஆசிரியை

ரெக்சின் பற்றி மட்டும் சொல்கிறேன். துணிமேல் பூசப்பட்டிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து நாளடைவில் சிதைவது இயல்பு. மலை ஊர்களில் அது விரைவில் நடந்துவிடுகிறது. என்னுடையது இரண்டாவது மழைக்காலத்திலேயே உரிந்து, அதன் கருப்புத் துகள்கள் கணினியின் மூடியெங்கும் ஒட்டிக்கொண்டன. அசல் தோலிலோ பூஞ்சணம் பிடிக்கிறது. இரண்டும் நம் ஊருக்கு ஆகாதவை என்பது என் முடிவு.

பதில்: உதகையில் கணினி பழுது பார்ப்பவர்

கணக்கர் அண்ணாவுக்கு வணக்கம். நீங்கள் எழுதியதில் முக்கியமான சொல் “அலுவலகத்தில் எடுத்த இரண்டு நிமிடத்தில்” என்பதுதான். உறை கசிந்திருந்தால் எடுக்கும்போதே கணினி நனைந்திருக்க வேண்டும். எடுத்த பிறகு நனைகிறது என்றால் அந்த நீர் தொழிற்சாலையின் காற்றிலிருந்து வருகிறது.

நீங்கள் போகும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சை இலை வேண்டும். எடையில் குறையும் மிச்சமெல்லாம் நீராவியாகத்தான் வெளியேறுகிறது. இலை வாடும் தொட்டிகளுக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் பக்கத்து அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறீர்கள். 25 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீரைக் கொட்டிவிடும். காலைப் பனியில் அரை மணி நேரம் வண்டியில் வந்த உங்கள் கணினியின் உலோக மூடி 13, 14 டிகிரிதான் இருக்கும். தேநீர்க் கடையில் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதே கதைதான். மூடியில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது. காற்றோட்டத் துளை வழியாக உள்ளே போய் மின்சுற்றுப் பலகையில் படிவது தெரிவதில்லை. என் மேசைக்கு வரும் கணினிகளில், தண்ணீரே பட்டதில்லை என்று உரிமையாளர் சத்தியம் செய்தவற்றிலும் இணைப்பு முனைகளில் பச்சைத் துரு பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆகவே தொழிற்சாலைக்குப் போனதும் உறையைத் திறக்காமல், மூடியபடியே மேசைமேல் முக்கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். ஃபோம் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும் என்பதால் பொறுமை வேண்டும். அதற்குள் படிய வேண்டிய நீர் உறையின் வெளித்துணியில் படிந்துவிடும். அதுவரை பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

உறைக்குள் அடைபட்ட காற்றிலிருந்து ஈரம் வருகிறதோ என்று சிலர் நினைக்கலாம். அங்கே அடைபடுவது ஒரு லிட்டர் காற்று. அதிலுள்ள நீர் முழுவதையும் பிழிந்தாலும் ஒரு சொட்டு தேறாது. மூடிமேல் படிந்த நீரைத் துடைக்காமல் திரும்ப உறையில் போடுவதால் பூந்துணி அதைக் குடித்துவிடுகிறது. இரவில் உறையை மூடி வைத்தால் எங்கே காயும்?

இருந்தாலும் கசிவே இல்லை என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். கணினிக்குப் பதிலாக அதே தடிமனில் மடித்த செய்தித்தாளை உறையில் வைத்து மூடி, ஒரு நாள் மூடுபனியிலும் ஒரு நாள் நல்ல மழையிலும் போய்வாருங்கள். தொழிற்சாலையில் திறக்கக் கூடாது. வீட்டில் திறந்து, தாள் எந்த இடத்தில் தொய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

பதில்: தேவாலாக்காரர்

ஜூன் முதல் ஆகஸ்டு வரை எங்கள் பக்கம் பெய்யும் மழைக்கு எந்த உறையும் தனியாகத் தாங்காது. அடிபடாமல் காக்க உறை, மழைக்குத் தோள்பையின் மேல் போடும் மழையுறை என்று இரண்டு வேலையையும் பிரித்துவிட்டேன். பாலித்தீன் பையில் சுற்றலாம் என்றால் நீலகிரி மாவட்டத்தில் அதற்குத் தடை. மேலும் பாலித்தீனுக்குள் ஈரம் புகுந்தால் வெளியே போகவும் வழியில்லை.

கேட்பவர்: கோத்தகிரி கணக்கர்

அனைவருக்கும் நன்றி. செய்தித்தாள் சோதனையை முடித்துவிட்டேன். மூடுபனியும் சாரலுமாக இருந்த நாளில் தாள் மொறமொறவென்று அப்படியே இருந்தது. அடுத்து வந்த கனமழை நாளில், ஜிப்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் நனைந்து மை கலங்கியிருந்தது. மற்ற மூன்று பக்கமும் உலர்ந்திருந்தன. நேற்று முக்கால் மணி நேரம் காத்திருந்து கணினியை எடுத்தேன். மூடியில் ஒரு பொட்டு நீர் இல்லை. உறையின் வெளிப்புறம்தான் நசநசத்திருந்தது. இரண்டு ஆண்டுகளாக உறை விற்ற கடைக்காரர்களைத் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கணினியின் அளவு: நீளம் 37.9, அகலம் 25.8, தடிமன் 2.3 சென்டிமீட்டர். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் பயன் உண்டா? தோடர் பூத்தையல் போட்ட துணி உறை ஒன்றை மகள் பரிசாகத் தந்திருக்கிறாள்; அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: உதகையில் கணினி பழுது பார்ப்பவர்

காலணிப் பெட்டியில் வரும் இரண்டு கிராம் பொட்டலம் அரை கிராம் அளவுக்குத்தான் நீரை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஓரிரு நாளில் நிறைந்து, பிறகு வெறும் மணலாகக் கிடக்கும். நிறம் மாறும் வகையை வாங்கி, மாறியதும் சூடாக்கி உலர்த்த முடிந்தால் பயன்படுத்துங்கள். அதைவிட, இரவில் உறையின் உட்புறத்தை வெளியே திருப்பி, அடுப்படியிலிருந்து தள்ளி, காற்றாடும் இடத்தில் தொங்கவிடுவது மேல்.

இன்னொன்று, கணினியை உறையில் வைக்கும் முன் முழுமையாக நிறுத்திவிடுங்கள். உறக்க நிலையில் விட்டால் சில வேளை தானாகவே விழித்துக்கொண்டு, ஃபோமுக்குள் மூச்சு முட்டிச் சூடாகும். சார்ஜரையும் உறைக்குள் திணிக்காதீர்கள். அதன் கட்டைப் பகுதி கணினியின் மூடியை அழுத்தித் திரையில் வெள்ளைப் புள்ளி விழுந்த கணினிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதில்: குன்னூரில் பை தைப்பவர்

தோடர் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. அதை மழையிலும் வண்டிப் புகையிலும் கொண்டுபோக மனம் வராது. அது பருத்தித் துணி என்பதால் நீரையும் தடுக்காது. வீட்டில் கணினிமேல் தூசு படாமல் போட்டுவையுங்கள், மகளும் மகிழ்வாள்.

உங்கள் அளவைப் பார்த்ததும் முதல் உறையின் மர்மம் விளங்கிவிட்டது. உங்களுடையது அகன்ற சட்டம் கொண்ட பழைய வார்ப்பு. இப்போதைய உறைகள் மெல்லிய சட்டக் கணினிகளுக்காக வெட்டப்படுகின்றன. தட்டையாகத் தைத்த உறையில், கணினியின் தடிமன் நீளத்திலும் அகலத்திலும் இடம் கேட்கும் என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 37.9 உடன் 2.3 சேர்த்து, மேலும் அரை சென்டிமீட்டர் விட்டால் உள்ளளவு 40.7, அதே கணக்கில் மறுபக்கம் 28.6. இதற்குக் குறைந்தால் ஜிப் போகும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடினால் கணினி ஆடும்.

வாங்குவதானால் கடையிலேயே மூன்றைப் பாருங்கள். ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி உடனே மேலெழ வேண்டும். ஜிப்பின் உட்புறம் நெடுக ஒரு துணி மடிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் கணினியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அடித்தையலை இரு கையாலும் விரித்துப் பாருங்கள், ஊசித்துளை வழியே வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். நியோப்ரீன் நீர்புகாத பொருள்தான், ஆனால் தைத்த இடமெல்லாம் துளை. உங்கள் பயணத்துக்கு 600 டெனியர் (நூலின் தடிமன் அளவு) பாலியஸ்டரில் உட்புறம் பூச்சுக் கொடுத்த வெளித்துணி, நடுவில் ஃபோம் (மூலைகளில் மட்டும் இரட்டிப்பாக), உள்ளே பூந்துணிக்குப் பதில் வழுவழுப்பான நைலான் என்று தைத்தால் இரவுக்குள் காய்ந்துவிடும்.

கேட்பவர்: கோத்தகிரி கணக்கர்

தைத்தே வாங்கிக்கொள்கிறேன். ஜிப்பை எந்தப் பக்கம் வைப்பது?

பதில்: குன்னூரில் பை தைப்பவர்

நீளப் பக்கத்தில், நடுத்தரப் பல் அளவுள்ள ஐந்தாம் எண் ஜிப்பாக, மேலே ஒரு விரல் அகலத்துக்குத் துணி மூடி தொங்கும்படி வைக்கலாம். தோள்பைக்குள் அந்தப் பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். ரன்னர் வந்து நிற்கும் முனையில் ஒரு சிறு துணிப்பை தைத்து அதற்குள் செருகிவிட்டால், அது மூடியில் இடிக்காது. 40.7-க்கு 28.6 என்று ஓர் அட்டை வெட்டி, கணினியோடு கொண்டு வாருங்கள். முதல் உறையையும் எடுத்து வந்தால் அதன் ரன்னரை அங்கேயே மாற்றித் தருகிறேன், உங்கள் மகளின் சிறிய கணினிக்கு ஆகும்.