எம்எக்ஸ்-5இல் ஷார்ட் ஷிஃப்டர் மாட்டிய பிறகு கியர் முட்டுகிறது

கேள்வி:
என்னிடம் 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் இருக்கிறது, 1.6 என்ஜின், ஐந்து கியர். பழைய கியர் லிவர் தொளதொளவென்று ஆடியதால், லிவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் கிட் வாங்கி நானே மாட்டினேன். கியர் நாப்பைத் திருகி எடுத்து, கன்சோலைத் தூக்கி, லிவரைச் சுற்றியுள்ள பெரிய ரப்பர் உறையின் (பூட்) நான்கு போல்ட், அதற்கடியில் லிவரைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட், அவ்வளவுதான், ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிட்டது. முன்னால் தள்ளும் கியர்கள் அருமையாக விழுகின்றன. பின்னால் இழுப்பவைதான் முட்டுகின்றன, அதிலும் இரண்டாவது ரொம்ப மோசம். கிட்டைக் கழற்றிவிடலாமா? கியர் பாக்ஸைக் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பல்லுக்குப் பல் இடித்து நின்றால் நியூட்ரலில் வண்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி போட்டால் விழுந்துவிடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்போதும் இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றுமே முட்டினால் கோளாறு லிவர் உட்காரும் இடத்தில்தான். இரண்டாவது மட்டும், அதுவும் வண்டி ஓடும்போது மட்டும் கடித்தால் சின்க்ரோவை, அதாவது கியர் விழுமுன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையத்தை, சந்தேகப்படலாம். லிவரின் அடி உருண்டையில் ஒரு நைலான் புஷ் (வளையம் போன்ற உறை) இருக்குமே, புதியது போட்டீர்களா? பழையது எங்கே போயிற்று?

பதில் 2:
இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். ஷார்ட் ஷிஃப்டரில், லிவர் ஊன்றி அசையும் புள்ளிக்குக் கீழே உள்ள பகுதி நீளம், அதனால்தான் கை நகரும் தூரம் குறைகிறது. தூரம் கால் பங்கு குறைந்தால் கை கொடுக்க வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்கு கூடும், இதை எந்தக் கிட்டாலும் தவிர்க்க முடியாது. ஆகவே கொஞ்சம் கனமாக இருப்பது இயல்பு, முட்டி நிற்பது இயல்பல்ல. தயவுசெய்து அழுத்தி இழுக்காதீர்கள், அந்த அழுத்தம் முழுவதும் சின்க்ரோ வளையத்தின் தலையில்தான் விழும். காலையில் குளிர்ந்த பெட்டியில் இரண்டாவது கியர் இந்த வண்டிகளில் எப்போதுமே கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
கண்டுபிடித்துவிட்டேன்! என்ஜின் அணைந்திருந்தபோதும் மூன்றும் முட்டின. மறுபடி கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய புஷ் உடைந்து, பாதி வளையம் குழியின் அடியிலேயே ஒட்டிக் கிடக்கிறது. லிவரோடு வெளியே வந்த துண்டுதான் முழு புஷ் என்று நினைத்து, மிச்சத்தின் மேலேயே புதியதை இறக்கியிருக்கிறேன். ஊசிமூக்கு பிளையரால் எடுத்துவிட்டேன். உள்ளே ஆயில் கறுத்து, கொஞ்சமாகத்தான் இருக்கிறது. இதற்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்?

பதில் 1:
நல்லது. அந்தக் குழிக்குத் தனி ஆயில், கீழே கியர் பாக்ஸில் ஊற்றுவது அங்கே ஏறி வராது, பலர் இதை மறந்தே போகிறார்கள். பழையதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, 75டபிள்யூ-90 ஜிஎல்-4 கியர் ஆயில் சுமார் 90 மில்லி ஊற்றுங்கள். அப்புறம் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பூட்டை விரலால் விரித்துப் பாருங்கள், இத்தனை வருடத்தில் அது கிழிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கிழிந்திருந்தால் ஆயில் மேலே தெறிக்கும், சூடும் சத்தமும் கன்சோல் வழியாக உள்ளே வரும். எல்லாம் திறந்து கிடக்கும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பூட் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது, மாற்றிவிட்டேன். இரண்டாவது கியர் இப்போது இரண்டு விரலில் விழுகிறது. லிவரும் முன்போல் கையைச் சுடவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி.