ஒரு சக்கரம் சுத்துது, இன்னொண்ணு சும்மா நிக்குது

குழு: தாம்பரம் வீடு

ஞாயிறு

செந்தில், மாலை 6.42
[வீடியோ]
சித்தப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க. கடப்பாக்கம் இறால் பண்ணையில தீவன மூட்டையை இறக்கிட்டுத் திரும்புறப்போ வாடகை பிக்கப் மாட்டிக்கிச்சு. ஒன்றரை மணி நேரம் போச்சு. கடைசில பக்கத்துப் பண்ணை டிராக்டர் வந்துதான் இழுத்துச்சு.

அத்தை, மாலை 6.45
அய்யய்யோ. உனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா? மத்தியானம் சாப்பிட்டியா?

செந்தில், மாலை 6.46
நல்லா இருக்கேன் அத்தை. சாப்பிட்டேன்.

கவிதா, மாலை 6.51
அண்ணா, வீடியோல வலது பின் சக்கரம் மட்டும் சேத்தை வாரி அடிக்குது. இடது சக்கரம் நல்ல கெட்டி மண்ணுல இருக்கு, ஆனா அசையவே இல்ல. அது ஏன் இழுக்கல?

சித்தப்பா, இரவு 7.20
கவிதா சரியான இடத்தைப் பாத்திருக்கா. செந்தில், மூட்டையோட போறப்போ மாட்டலை, இறக்கிட்டு வர்றப்போதானே மாட்டுச்சு?

செந்தில், இரவு 7.22
ஆமா சித்தப்பா. அதே வழிதான்.

சித்தப்பா, இரவு 7.31
அதான். 40 மூட்டை, ஒண்ணு 25 கிலோ. ஒரு டன் பின் ஆக்சில் மேல உக்காந்திருந்துச்சு, டயர் மண்ணைப் பிடிச்சுது. இறக்கினதும் பின்பக்கம் லேசாயிடுச்சு. எல்லா பிக்கப்புக்கும் இருக்கிற குணம் இது. காலியா இருக்கும்போதுதான் வழுக்கும்.

இடது சக்கரம் ஏன் நின்னுச்சுன்னா, டிஃப்ரன்ஷியல். வளைவுல வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்சக்கரம் கம்மியா ஓடணும். அதுக்காக வச்ச பல்சக்கரக் கூட்டம் அது. ரெண்டு பக்கமும் எப்பவும் ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். சேத்துல இருக்கிற சக்கரம் நூறு பங்குதான் தாங்கும்னா, கெட்டி மண்ணுல இருக்கிறதுக்கும் அதே நூறுதான் போகும். இஞ்சின்ல எவ்வளவு தெம்பு இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

மாமா, இரவு 7.40
மாப்ள சொல்றதை நான் மாட்டு வண்டில சொல்றேன். நுகத்தடி நடுவுல ஒரு முளையில ஆடும்ல. ஒரு மாடு இழுக்காம நின்னா நுகம் அந்தப் பக்கமா திரும்பிடும், இன்னொரு மாடு எவ்வளவு இழுத்தாலும் வண்டி நகராது. டிஃப்ரன்ஷியலைப் பூட்டுற டிஃப் லாக்னா, அந்த நுகத்தை ஏர்க்காலோட சேத்துக் கட்டிடுறது. அப்புறம் நல்ல மாடு ஒண்ணே வண்டியை இழுத்துட்டுப் போகும்.

கவிதா, இரவு 7.43
இப்பப் புரியுது மாமா 🙏

செந்தில், இரவு 7.50
இதுக்குத்தான் கேக்குறேன். வாடகை கட்டுப்படியாகலை, சொந்தமா ஒரு 4x4 பிக்கப் வாங்கலாம்னு இருக்கேன். ஒரு வண்டியில பின் டிஃப் லாக் இருக்கு, ஆனா பழைய மாடல், வேற எதுவும் இல்ல. இன்னொண்ணுல லாக் இல்ல, டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும். விக்கிறவர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது கம்ப்யூட்டர், அது பழசு"ங்கிறார். ஒண்ணா?

சித்தப்பா, இரவு 7.52
ஒண்ணு இல்ல. சாப்பிட்டுட்டு வந்து எழுதுறேன்.

சித்தப்பா, இரவு 8.45
டிராக்‌ஷன் கன்ட்ரோல் டிஃப்ரன்ஷியலைத் தொடவே தொடாது. பிரேக் அடிச்சா சக்கரம் இறுகி வழுக்காம பாத்துக்கிற ஏபிஎஸ்-க்காக ஒவ்வொரு சக்கரத்துலயும் வேகம் பாக்குற சென்சார் இருக்கு. ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுத்துதுன்னு தெரிஞ்சா அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். சேத்துச் சக்கரம் நூறுதான் தாங்குச்சு, பிரேக் இன்னொரு முந்நூறு சேத்துப் பிடிக்குதுன்னு வை. டிஃப்ரன்ஷியலுக்கு அது நானூறா தெரியும், அந்தப் பக்கமும் நானூறு போகும். வண்டி நகரும்.

இதுல ரெண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. முதல்ல சக்கரம் சுத்தணும், அப்பத்தான் அதுக்குத் தெரியும். உன் உப்புக் களியில ரெண்டு சுத்து சுத்துறதுக்குள்ள குழி விழுந்துடும். அடுத்தது சூடு. அந்த முந்நூறும் இஞ்சின் கொடுத்த சக்தி, பிரேக்ல சூடா வீணாகுது. விடாம அஞ்சு நிமிஷம் போராடினா பிரேக்கைக் காப்பாத்துறதுக்காக சிஸ்டம் தானா ஒதுங்கிக்கும்.

லாக் அப்படி இல்ல. இடது, வலது ரெண்டு சக்கரத்துக்கும் போற தண்டை இரும்பால ஒண்ணாப் பூட்டிடும். எந்தச் சக்கரத்துக்குப் பிடி இருக்கோ அது தாங்குற வரைக்கும் மொத்தமும் அங்க போகும். சக்கரம் சுத்துற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சூடும் இல்ல.

மாமா, இரவு 8.58
ரெண்டுமே டிராக்டர்ல அந்தக் காலத்துலயே இருக்கு. நம்ம செம்பியத்துல டாஃபே ஃபேக்டரி அறுபதுகள்ல இருந்து மாசி பெர்குசன் டிராக்டர் போடுது. குதிகாலால மிதிக்கிறது டிஃப் லாக். பிரேக் பெடல் ரெண்டு, இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. வயல்ல தண்ணி கட்டி சேடை ஓட்டும்போது ஒரு சக்கரம் வழுக்குனா அந்தப் பக்கத்து பிரேக்கை மட்டும் லேசா மிதிப்போம், அடுத்த சக்கரம் பிடிச்சுக்கும். கம்ப்யூட்டர் இப்போ செய்யிறது அதானே.

சித்தப்பா, இரவு 9.01
அதேதான் மச்சான். கால் செஞ்ச வேலையை சென்சார் செய்யுது.

செந்தில், இரவு 9.04
டிரைவர் ஹேண்ட்பிரேக்கை ரெண்டு பல் இழுத்துப் பாத்தார். அதுவும் இதே ஐடியாவா?

சித்தப்பா, இரவு 9.10
நெனப்பு அதுதான், ஆனா ஹேண்ட்பிரேக் ரெண்டு பின் சக்கரத்தையும் ஒண்ணாப் பிடிக்கும். சுத்துற சக்கரத்தைப் பிடிச்சுக் கிடைக்கிற லாபத்தை, நிக்கிற சக்கரத்தையும் பிடிச்சுத் தின்னுடும். பணிமனையில முப்பது வருஷம் இருந்தவன் சொல்றேன், அதுல வெளிய வந்த வண்டியை விட வராத வண்டிதான் அதிகம். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சாத்தான் பலன்.

கவிதா, இரவு 9.22
நான் ஒண்ணு சொல்லட்டுமா. அண்ணா ஈசிஆர்ல போக வர தினம் நாலு மணி நேரம் ஓட்டுறாங்க. மண்ணுல பத்து நிமிஷம். ஐப்பசி மழையில, ராத்திரி ரெண்டு மணிக்கு இறால் பிடிச்சுட்டு, காலிப் பின்பக்கத்தோட வர்றப்போ எது காப்பாத்தும்? லாக் காப்பாத்துமா?

சித்தப்பா, இரவு 9.30
காப்பாத்தாது. தார் ரோட்டுல லாக் போடவே கூடாது. வளைவுல ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்துறதால வண்டி திரும்ப மறுக்கும், நேரா போகப் பாக்கும். டயர் தேயும், ஆக்சில் முறுக்கிக்கும். மழையில ரோட்டுல காப்பாத்துறது டிராக்‌ஷன் கன்ட்ரோலும், அதோட வர்ற, வண்டி வழுக்கித் திரும்பிடாம பிடிக்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும்தான். கவிதா கேட்டது ரொம்பச் சரி. லாக் இருக்குன்னு சொல்லி, இது ரெண்டும் இல்லாத பழைய வண்டியை எடுத்துடாதே செந்தில். நான் ஒத்துக்க மாட்டேன்.

அத்தை, இரவு 9.33
வீட்டுல ரெண்டு குழந்தைங்க இருக்குப்பா. அவ சொல்றதைக் கேளு.
முடிச்சூர்ல 2015லயும், மிக்ஜாம் புயலுக்கும் தண்ணி நின்னுச்சே, அப்போ இந்த லாக் உதவுமா?

சித்தப்பா, இரவு 9.36
உதவாது அக்கா. வெள்ளத்துல பாக்க வேண்டியது தண்ணி எவ்வளவு உயரம், இஞ்சின் காத்து இழுக்கிற வாய் எவ்வளவு உயரம்னுதான். மிதக்க ஆரம்பிச்ச சக்கரத்துக்கு எந்தப் பூட்டும் கிடையாது.

செந்தில், இரவு 9.41
அப்ப ரெண்டும் இருக்கிறதாப் பாக்கணும். 2022ல வந்த ஹைலக்ஸ்ல பின் லாக் பொத்தான், டிராக்‌ஷன் கன்ட்ரோல் ரெண்டும் இருக்கு. விலைதான் உதைக்குது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் வண்டியை எடுத்துட்டு வெளிய லாக்கர் போட்டுக்கலாமா? காத்துல பூட்டுற ஏஆர்பி லாக்கர் ஆஸ்திரேலியாவுல இருந்து வருதாமே.

சித்தப்பா, இரவு 9.55
போடலாம், நல்ல பொருள்தான். சின்ன கம்ப்ரசர் ஒண்ணு, ஹவுசிங்குக்குள்ள போற காத்துக் குழாய் ஒண்ணு. ஆனா ஹவுசிங்கைத் திறந்து க்ரௌன் பினியனை, அதாவது உள்ள இருக்கிற ஜோடிப் பல்சக்கரத்தை, மறுபடி செட் பண்ணணும். அந்த இடைவெளி நூல் அளவு தப்பினாலும் ஊளைச் சத்தம் வரும், பல் தின்னும். கை தெரிஞ்ச மெக்கானிக் வேணும். வாரன்ட்டியும் போகலாம். தானாப் பூட்டிக்கிற வகையும் இருக்கு, மஹிந்திரா தார் ஜீப்ல ஈட்டன் கம்பெனி செஞ்சது வருதே. ரெண்டு சக்கரத்துக்கும் நிமிஷத்துக்கு நூறு சுத்து வித்தியாசம் வந்தா பூட்டும், 32 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல பூட்டாது. அதுலயும் முதல்ல வழுக்கணும், ஆனா பூட்டினா இரும்புப் பூட்டு.

ஒண்ணு முக்கியம். உன் குளத்துக் கரை ஒரு பக்கமா சரிஞ்சிருக்குல்ல? மழை பெஞ்ச களியில அங்க லாக் போட்டா ரெண்டு சக்கரமும் சேந்து வழுக்கும், பின்பக்கம் அப்படியே குளத்துப் பக்கம் இறங்கும். லாக் இல்லாதப்போ ஒரு சக்கரம் சுத்தினாலும் இன்னொண்ணு ஊன்றி நிக்கும், வண்டி பக்கவாட்டுல போகாது. சரிவான கரையில லாக்கைத் தொடாதே. இதை வண்டியில ஒட்டி வை.

மாமா, இரவு 10.02
டயர்ல காத்தை இறக்கினியான்னு யாருமே கேக்கலையே. மணல் வழியில பாதிக் காத்து வச்சாலே பாதி பிரச்சனை போயிடும். திரும்ப அடிக்க ஒரு பம்பு வச்சுக்கோ.

செந்தில், இரவு 10.05
சத்தியமா தோணலை மாமா 😔 வாங்கிடுறேன்.

சனி

செந்தில், பகல் 11.15
சித்தப்பா, ரெண்டும் இருக்கிற வண்டி வச்சிருக்கிற ஃப்ரெண்டைக் கூட்டிட்டு பண்ணைக்கு வந்திருக்கேன். போன வாரம் மாட்டின அதே குழி. முதல்ல லாக் போடாம, டிராக்‌ஷன் கன்ட்ரோல்ல மட்டும் இறக்கினோம்.

செந்தில், பகல் 11.24
[வீடியோ]
வலது சக்கரம் சுத்த ஆரம்பிச்சதும் அடியில "கர்ர் கர்ர்"னு சத்தம். ஃப்ரெண்டு பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டான், வண்டி நின்னுடுச்சு.

சித்தப்பா, பகல் 11.26
எடுக்கக் கூடாது. அந்தச் சத்தம்தான் அது வேலை செய்யிறதுக்கு அடையாளம். காலை ஒரே அளவுல வச்சு, ரெண்டு மூணு செகண்டு பொறுக்கணும்.

செந்தில், பகல் 11.38
பொறுத்தோம். ஏறிடுச்சு! ஆனா சக்கரம் நாலு விரல் ஆழம் தோண்டிட்டுத்தான் ஏறுச்சு. களி சக்கரத்துக்கு மேல வரைக்கும் அப்பிக்கிச்சு.

கவிதா, பகல் 11.40
ஏறுச்சுல்ல! சும்மா சொல்லலைல்ல நானு.

செந்தில், பகல் 11.58
[வீடியோ]
இப்ப லாக். குழிக்கு முன்னாடியே நிறுத்தி பொத்தானை அமுக்கினோம். லைட் மினுக்கிட்டே இருந்துச்சு. கொஞ்சம் நகத்தினதும் அடியில "டக்"னு ஒரு சத்தம், லைட் நின்னு எரிஞ்சுது. அப்புறம் ஒண்ணுமே நடக்கல சித்தப்பா. குழியில இறங்குச்சு, நடந்து போற மாதிரி ஏறி வந்துடுச்சு. சேறு தெறிக்கக்கூட இல்ல. ரெண்டு தடம் பக்கத்துல பக்கத்துல இருக்கு, போட்டோ பாருங்க. முதல் தடத்துல பள்ளம், ரெண்டாவதுல டயர் பூ அப்படியே அச்சா விழுந்திருக்கு.

மாமா, பகல் 12.03
அந்தப் பள்ளத்தை மூடிட்டு வா. நாளைக்கு யாராவது வண்டி விடுவாங்க.

சித்தப்பா, பகல் 12.06
இதான் வித்தியாசம். நீ தினம் அதே வழியில போறவன். வருஷம் முழுக்க ஒரே இடத்துல நாலு விரல் நாலு விரலாத் தோண்டினா அங்க பாதையே இருக்காது. பணத்தைக் கொஞ்சம் புரட்டி ரெண்டும் இருக்கிறதையே எடு. கொஞ்ச நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்ல, அது வரைக்கும் வாடகை வண்டி காலியா வர்றப்போ பின்னாடி பத்து மணல் மூட்டை போட்டுக்கோ.

செந்தில், பகல் 12.09
சரி சித்தப்பா. கிளம்புறோம்.

சித்தப்பா, பகல் 12.10
ரோடு ஏறும் முன்ன லாக்கை எடுத்தியா?

செந்தில், பகல் 12.17
பொத்தானை அமுக்கினோம், லைட் அணையவே இல்ல. கெட்டி மண்ணுல பத்தடி நேரா விட்டு, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தோம். "டக்"னுது. இப்ப அணைஞ்சிருக்கு.

சித்தப்பா, பகல் 12.18
சரி. டயர்ல காத்தை அடிச்சுட்டு ஈசிஆர் ஏறுங்க.