காசிப் பயணம்: மூத்தவர்களின் யோசனை தேவை

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் ஓய்வூதியர்கள். மாசி மாதம் காசி, அயோத்தி, கயா போக ஆசை. அவருக்கு மூட்டுவலி, மேல் பெர்த்தில் ஏறவே முடியாது. 2020-இல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியதால் ஏசி கட்டணம் கையைக் கடிக்கிறது. கீழ்ப் பெர்த் ஒதுக்கீடு ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதானே, அதனால் தங்கை குடும்பத்துக்குத் தனியாகப் போடப்போகிறோம்.

காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் சமீபத்தில் தங்கியவர்கள் சொல்லுங்களேன்: கீழ்த்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட் கிடைக்குமா? படித்துறைப் படிகள் அவருக்குக் கஷ்டம், எந்தப் படித்துறையில் படகு ஏறுவது சுலபம்? அப்புறம், கயாவுக்கு ரயிலா, காரா? அவசரமில்லாமல் நிதானமாகப் பார்க்கவே விரும்புகிறோம்.