புதுப்பிப்பு: ராத்திரி 12:20 பஸ், அத்தை டிக்கெட்

முன்ன எழுதியிருந்தேன்: வள்ளியூர் அத்தைக்கு சென்னை பஸ், டிக்கெட்டுல 15ஆம் தேதி சனி, 12:20 ஏ.எம். அத்தை சனிக்கிழமை ராத்திரி பையோட போய் நின்னாங்க. பஸ் முந்தின ராத்திரியே போயிட்டு.

பணம் திரும்பலை. "டிக்கெட்டுல சரியாத்தானே இருக்கு"ன்னுட்டாங்க பஸ்காரங்க. சரிதான், ஆனா நம்ம வீட்டுல எது வெள்ளி ராத்திரி? விடியுற வரைக்கும் வெள்ளிதான். பஞ்சாங்கத்துலயும் சூரிய உதயத்துலதான் கிழமை மாறும். எழுபது வயசு மனுஷிகிட்ட நடுராத்திரில தேதி மாறுதுன்னா எப்படி?

ரயில் டிக்கெட் மாதிரி 24 மணி நேரம் போடலாமேன்னு பலர் சொன்னீங்க. 00:20ன்னு இருந்தா மத்தியானம்னு நினைக்க வழியில்ல, அது நல்லது. ஆனா தேதிக் குழப்பம் அப்படியேதான் இருக்கும்.

இந்தத் தடவை அத்தைக்கு மறுபடி டிக்கெட் எடுக்கையில புக்கிங் ஆபீஸ் தம்பிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவரே சிவப்புப் பேனாவால நேரத்துக்குப் பக்கத்துல எழுதிக் கொடுத்தார்: "வியாழன் ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பணும், விடிஞ்சா வெள்ளி." அச்சுலயே இப்படி ரெண்டு கிழமையும் வரணும். ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன், பதில் இன்னும் வரலை.

அத்தை நல்லபடியா சென்னை போய்ச் சேர்ந்துட்டாங்க.