ஜெயில்ல வியாபாரம் சொல்லிக் குடுக்கப் போறேன், எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

மளிகைக்கடை_சுங்கைசிப்புட்:
வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல சின்னதா மளிகைக் கடை வச்சிருக்கேன், 22 வருசம் ஆச்சு, அப்பா தோட்டத்துல பால் மரம் சீவுனவரு. எங்க கோயில் குழு மாசம் ரெண்டு தடவ ஜெயிலுக்குப் போயி தேவாரம் சொல்லிக் குடுக்குறாங்க, அங்க ஒரு ஆபிசர் சீக்கிரம் வெளிய வரப் போற பசங்களுக்கு வியாபாரம் பத்தியும் யாராச்சும் சொல்லிக் குடுங்களேன்னு கேட்டிருக்காரு, எல்லாரும் என்னையக் கை காட்டிட்டாங்க. 12 பேரு, எட்டு வகுப்பு. நான் படிச்சது ஃபார்ம் த்ரீ வரைக்கும்தான், கடை நடத்தத் தெரியும், ஆனா அத எப்படிப் பாடமா சொல்றதுன்னு தெரியல.

இன்னொரு விசயமும் மனசுல இருக்கு. எங்க தாமான்ல, அதாவது குடியிருப்புல, ஒரு பையன் உள்ள போயிட்டு வந்து ஆறு மாசம் வேலை தேடி அலைஞ்சான், எங்கிட்டயும் வந்து கேட்டான், கல்லாப்பெட்டி பக்கத்துல எப்படி நிறுத்துறதுன்னு பயந்து இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம் அவன் பழைய கூட்டாளிங்ககிட்டயே போயிட்டான். இன்னைக்கும் உறுத்துது. அதனாலதான் இத ஒழுங்கா செய்யணும்னு நினைக்கிறேன், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பன்_பட்டறை:
அண்ணே, நான் உள்ள இருந்தவன். மூணு வருசம், பேக்கரி பட்டறையில வேலை. உள்ள செய்யுற சாமான்லாம் மைபிரைட்னு பேர் போட்டு வெளிய விப்பாங்க, தையல், மர வேலை எல்லாம் இருக்கு, கைத்தொழில் நல்லாவே கத்துக்கலாம். எனக்கு ஒரே தரத்துல 300 பன் போடத் தெரியும், ஆனா ஒரு பன்னுக்கு அடக்க விலை எவ்வளவுன்னு யாரும் கேட்டதும் இல்ல, சொன்னதும் இல்ல. வெளிய வந்து பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) ஸ்டால் போட்டேன், மொத நாளே எல்லாம் வித்துப் போச்சு, கையில 310 வெள்ளி (ரிங்கிட்), அம்மாவுக்குச் சேலை, அக்கா பிள்ளைக்கு சப்பாத்து எல்லாம் வாங்கிட்டேன், அடுத்த வாரம் மாவு வாங்கக் காசு இல்ல. மாவு, சீனி, கேஸ், ஸ்டால் வாடகை, மோட்டருக்குப் பெட்ரோல் எல்லாம் கழிச்சுப் பாத்தா என்னோட காசு அதுல 70 வெள்ளி கூட இல்லண்ணே. இதத்தான் மொத வகுப்புல சொல்லணும்.

எங்க மாமாதான் ஒரு 555 புக் வாங்கிக் குடுத்து தினமும் எழுதச் சொன்னாரு, இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது. கடையில கடன் எழுதுற அதே புக்குதான், நம்ம பசங்க எல்லாரும் சின்ன வயசுலயே பாத்தது, அத வச்சே ஆரம்பிங்க. தன்னம்பிக்கைப் பேச்சு மட்டும் வேண்டாம், உள்ள அத நெறைய கேட்டாச்சு.

பகாவ்_கணக்காளி:
அந்தத் தம்பி சொன்னதுதான் சரி. அதோட ஒரு வகுப்பு பாரம் நிரப்புறதுக்குன்னே வைங்க ஐயா. எஸ்எஸ்எம் பதிவு, அதாவது வியாபாரத்த அரசாங்கத்துல பதியுறது, ஐசியில (அடையாள அட்டையில) உள்ள சொந்தப் பேர்ல கடை போட்டா வருசம் 30 வெள்ளி, வேற பேர் வச்சா 60, வியாபாரம் ஆரம்பிச்சு 30 நாளைக்குள்ள பதியணும். சாப்பாட்டுக் கடைன்னா உணவு கையாளுறவங்க கோர்சும் டைபாய்டு ஊசியும் கண்டிப்பா வேணும். கடன் வேணும்னா வட்டிக்கு விடுற ஆலோங்கிட்ட போகாம, சின்ன வியாபாரிகளுக்குக் கடன் குடுக்குற அரசாங்க அமைப்பு தெக்குன்ல இந்தியர்களுக்குன்னு உள்ள ஸ்பூமி திட்டத்தப் பாக்கச் சொல்லுங்க. பாரத்தக் கண்டாலே பயப்படுற பிள்ளைங்க இருக்காங்க, மாதிரி பாரம் பிரிண்ட் எடுத்துட்டுப் போயி அவங்க கையாலயே எழுத வைங்க.

டயர்கடை_கூலிம்:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். 12 பேர்ல எத்தன பேரு சொந்தக் கடை போடுவான்? கைமுதல் எங்க? முக்கால்வாசிப் பேரு சம்பளத்துக்குத்தான் போவான். ஆனா அதுக்கும் இந்தப் படிப்பு உதவும், எங்கிட்ட உள்ள போயிட்டு வந்தவங்க ரெண்டு பேரு வேலை செய்றாங்க, ஸ்டாக் எண்ணுறது, கஸ்டமருக்கு விலை எழுதிக் குடுக்குறது தெரிஞ்சவனத்தான் நான் முன்னாடி நிறுத்தியிருக்கேன். முதலாளி முன்னாடி உக்காந்து பேசப் பழக்குங்க. "இந்த மூணு வருசம் எங்க இருந்த"ன்னு கேட்டா தலையக் குனியாம ரெண்டு வரியில உண்மையச் சொல்லிட்டு, இப்ப எனக்கு என்ன வேலை தெரியும்னு சொல்லணும், அத திரும்பத் திரும்பப் பேச வைங்க. அமெரிக்காவுல டெக்சாஸ்ல பிரிசன் ஆன்ட்ரப்ரனர்ஷிப் புரோகிராம்னு 2004ல இருந்து நடத்துறாங்க, அங்க கைதிங்க தொழில் திட்டம் எழுதி வெளிய இருந்து வர்ற முதலாளிங்க முன்னாடியே பேசணும், வெளிய வந்ததும் தங்க வீடும் ஏற்பாடு பண்றாங்க. நீங்களும் ஒரு வகுப்புக்கு நாலு தவுக்கேமார, அதாவது கடை முதலாளிங்கள, கூட்டிட்டுப் போங்க, நான் வர்றேன். பரோல்ல வர்ற பையன்னா ஆபிசர் வந்து பாத்துட்டுப் போவாரு, நம்ம நாட்டுல 2008 சட்டத்துல வந்த முறை இது, நெறைய முதலாளிங்களுக்கு இது தெரியாமத்தான் பயம்.

மளிகைக்கடை_சுங்கைசிப்புட்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 555 புக் 12 வாங்கி வச்சிட்டேன், ஸ்டேப்பிள் கம்பி இருக்குறதால உள்ள விடுவாங்களான்னு ஆபிசர்கிட்ட கேட்டிருக்கேன், இல்லாட்டி நூல் போட்டுத் தைச்சிடலாம்னு வீட்டுல சொல்றாங்க. பன் தம்பி, முடிஞ்சா ஒரு வகுப்புக்கு நீங்களும் வாங்க, அனுமதி நான் கேட்டு வாங்குறேன். தாமான் பையனோட அம்மா வெள்ளிக்கிழம கோயிலுக்கு வருவாங்க, அவன் இப்ப எங்க இருக்கான்னு கேக்கணும். கடையில ஆள் தேவைதான் இருக்கு.