மலையகத்தின் கதையை நேரில் கேட்டவர்கள்

ஹட்டனிலிருந்து:

இலங்கை மலையகத்தில், கம்பளைக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, 2007-இல் திறந்தது. புதுக் கட்டடம் எழுப்பாமல் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்துக் காம்பராக்களிலேயே வைத்திருக்கிறார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கொழுந்து எடுத்தவர்.

கவ்வாத்துக் கத்தி, கம்பளி, இடுப்பில் கட்டுகிற படங்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் கூடைக்கு முன்னால் நின்றுவிட்டார். "கயித்த நெத்திக்கு மேல ஏத்திப் போடணும். இல்லாட்டி பின்னேரம் கழுத்தத் திருப்ப ஏலாது" என்று அங்கே வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவுதான், பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும், அட்டை கடித்தால் என்ன செய்வீங்க, கைக்குழந்தையை யார் பார்ப்பாங்க? பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பால் கொடுக்க மலையிலிருந்து ஓடி வந்ததை அம்மா சொன்னபோதுதான் எனக்கே தெரியும். வீட்டில் பேசியதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தன் பாட்டி சொன்ன 'துண்டு' கதைக்கு வந்துவிட்டார். ஆள் கூட்டி வந்த கங்காணியிடம் பட்ட கடனை அடைத்தால் விட்டுவிடுவேன் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு இல்லாமல் ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல்தான் அதை ஒழித்தார்கள். ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் லூல்கந்துரயில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது எனக்கு மனப்பாடம். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியது யார் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சுற்றுலாக்காரர்களை விட எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள்தான் அங்கே கட்டாயம் போக வேண்டும்.

மன்னாரிலிருந்து:

மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் ஆனதை நினைத்து 2023-இல் ஒரு நடைபயணம் நடந்ததே, ஜூலை 28 தலைமன்னாரில் கிளம்பி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. நான் மதவாச்சி வரைக்கும் போனேன். தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் கரை இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து மலையேறிய திசை அது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நமக்குத் தார் ரோடு, தண்ணீர்ப் போத்தல், அப்படியும் காலெல்லாம் கொப்புளம்.

மதவாச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிங்களப் பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே, எதற்காக நடக்கிறீங்க என்று விசாரித்தார். கூட வந்த பதுளை அக்கா, 1948 குடியுரிமைச் சட்டத்தால் இந்த மக்கள் நாடற்றவர்களாகிப் போனதைச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். பெரியவருக்கு அது புதுச் செய்தி. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஏன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டார். மேடைப் பேச்சு எத்தனையோ கேட்டிருக்கிறேன். ரோட்டோரம் நடந்த அந்தப் பேச்சுக்கு ஈடில்லை.

கோத்தகிரியிலிருந்து:

நாங்கள் அந்தக் கதையின் இந்தப் பக்கம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அவர்களை யாரும் கேட்கவில்லை. தாத்தா வந்தார், அவருடைய அக்கா அங்கேயே நின்றுவிட்டார். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தவர்கள் கதறிய கதறலில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பல், அப்புறம் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது, இன்றைய டான்டீ. அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'.

தாத்தாவின் குடும்ப அட்டை எங்கள் பீரோவில் இருக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்து, போட்டோ மட்டும் தெளிவாக இருக்கிறது. ஹட்டன் நண்பரே, கம்பளையில் இந்த மாதிரி நகல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? தாத்தாவின் அக்கா குடும்பம் இன்னும் நாவலப்பிட்டிப் பக்கம்தான் இருக்கிறது. அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பலாம் என்று பார்க்கிறேன்.